கல்லில் எழுதிய பஸ் நேரம்

எழில் ப்யூரெட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியதைப் பிப்ரவரியில்தான் முதலில் பார்த்தேன்.

செய்திமடலுக்குப் படம் எடுக்க வேதியியல் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். நான் பி.எஸ்சி. படித்ததும் அதே ஆய்வகத்தில்தான். என் பழைய மேசையில் ஒரு முதலாம் ஆண்டுப் பெண் ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கி எடுத்து வைத்திருந்தாள். அதில் ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பர்மாங்கனேட்டை, நிறம் மறையாமல் நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவை ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?"

"பஸ்ஸுக்குக்கா. இத வுட்டா அடுத்தது இருட்னப்பறந்தான். அப்ப கொக்கிலமேட்டுக்கு ஷேர் ஆட்டோ வராது."

"ரீடிங் எடுத்துட்டியா?"

உள்ளங்கையைக் காட்டினாள். பேனாவால் ஓர் எண் எழுதியிருந்தது. ஒன்றுதான். அதே அளவு இரண்டாம் முறையும் வந்தால்தான் சோதனை முடிந்ததாகக் கணக்கு. எழிலுக்கு எந்தச் சோதனையிலும் இரண்டாவது எண் கிடைத்ததில்லை.

"இந்த வருசம் மன்னிச்சு வுட்டாங்க. அடுத்த வருசமும் இப்படின்னா பிராக்டிகல் எழுத முடியாதுன்னு மேடம் சொல்ட்டாங்க. அம்மா பி.ஏ.வுக்கு மாத்திக்கன்னுது."

"மாத்திக்கப் போறியா?"

"பஸ்ஸ மாத்த முடியலியேக்கா" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

ஆய்வக உதவியாளர் வந்து குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தார்.

நான் அதிகம் பேசாதவள். செங்கல்பட்டில் சேசு சபைக் குருக்கள் நடத்தும் எங்கள் பல்கலைக்கழகத்தில், நன்கொடை திரட்டும் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது என்று சொன்னபோது கருங்குழியில் என் வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். "பஸ்ல மீதி சில்லறைய கேக்காம எறங்கி வர்றவ நீ. நீ போய் நன்கொடை கேக்கப் போறியா?" என்றான் அண்ணன். ஆனால் எங்கள் இயக்குநர் சவரிமுத்து ஃபாதர், "பேசறதுக்கு நான் இருக்கேன். நீ பழைய மாணவர்களுக்கு எழுது, கீர்த்தனா" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதினேன்.

பதில் போட்டவர்களில் ஒருவர் இருசப்பன். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருப்பவர். சிறுவயதில் சேசு சபை விடுதியில் தங்கிப் படித்தவர். இப்போது அவர் கூடத்திலிருந்து சாமி சிலைகள் கப்பலேறி எங்கெங்கோ போகின்றன. ஏப்ரலில் அவரைப் பார்க்கப் போனேன். அரைக்கும் மெஷின்களின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். எழிலைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். மூன்றாவது வரவில்லை.

அவர் கார்டின் மூலையிலிருந்த சூரியன் சின்னத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே கேட்டார். "ஒரு பஸ்ஸு இருந்தா சரியாப் பூடுமா?"

"ஆமா சார்."

"வாங்கித் தர்றன்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று ஃபாதருக்குப் போன் செய்தேன்.

அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது. ஜூலை முப்பத்தொன்று இஞ்ஞாசியார் திருநாள். சேசு சபையைத் தொடங்கிய புனிதரின் நாள். சபையின் எந்த நிறுவனமானாலும் உதவியவர்களை அன்றுதான் மேடையேற்றும். அன்று காலை பத்து மணி விழாவுக்கு இருசப்பனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தோம். வருகிறேன் என்றார். ஃபாதர் அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தார். நான் எழிலிடம் சொன்னேன், "பஸ் வருது. மாத்திக்காத." அவள் வேதியியலிலேயே இருந்துவிட்டாள். பாடப்பிரிவு மாற்றிக்கொள்ளும் நாளும் தாண்டிப்போனது. இனி அவள் மாற நினைத்தாலும் முடியாது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. சபையின் மற்ற நிறுவனங்களில் இதே வேலை பார்ப்பவர்களிடம் மூச்சுகூட விடக் கூடாது. எல்லாரும் தேடுவது ஒரே ஆட்களைத்தான். ஒருவர் படித்த பள்ளி ஓரிடம், தங்கிய விடுதி வேறிடம், பட்டம் வாங்கியது மூன்றாவது இடம். "அவர் எங்க ஆளு" என்று மூன்று பேரும் சொல்லலாம், மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

ஜூலை இரண்டாம் வாரம் சேசு சபை நிறுவனங்களின் நன்கொடை அலுவலர் கூட்டம் மாமல்லபுரத்தில், ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையோரம் ஒரு தியான இல்லத்தில் நடந்தது. அந்த ஆண்டு தலைப்பு, இணைந்து பணியாற்றுதல். காலை முழுக்க அதைப் பற்றியே பேசினார்கள். பிறகு ஆளுக்கு ஓர் அட்டையைக் கொடுத்து, மற்றவர்களோடு எதைப் பகிர்ந்துகொள்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். நான் "நன்றிக் கடித மாதிரி" என்று எழுதினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பானுமதி மேடம் "அனுபவம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அட்டைகளைச் சுவரில் ஒட்டினார்கள். ஒருவர்கூட ஒரு பெயரை எழுதவில்லை. எல்லாரும் கை தட்டினோம்.

பானுமதி மேடம் திருக்கழுக்குன்றம் தாண்டி இருக்கும் பாலிடெக்னிக்கில் எனக்கு இணையான வேலை பார்ப்பவர். அதுவும் சபையுடையதுதான். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். சாப்பாட்டு வரிசையில் சோறு போடுபவரின் மகள் கல்யாணம் வரை விசாரித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மத்தியானம் ஃப்ரீ வுட்டுட்டாங்க. நீ எங்கம்மா போற?"

"கடற்கரைக் கோயில் மேடம்."

"போ, போ. நல்லாருக்கும். நான் கொஞ்சம் ஷாப்பிங்."

அவர் சங்குமணி மாலைகளைப் பற்றி நிறைய சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே மீன் முள்ளை எடுத்தேன். சாப்பிட்டதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி பின்வாசல் வழியாக வெளியே போய் ஆட்டோ பிடித்தேன்.

சிற்பக்கூடத்து வாசலில் ஏற்கெனவே ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பானுமதி மேடம் இறங்கிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கடற்கரைக் கோயிலு இங்கயா கீது?" என்றார்.

"உங்க மாலை கடை எங்க மேடம்?" இதை எப்படிக் கேட்டேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆட்டோக்காரர்கள் இருவரும் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். அருணகிரி, அங்கே மூத்த சிற்பி. புருவமெல்லாம் கல்தூசி.

"வாங்க, வாங்க. ரெண்டு பேரும் சேந்தே வந்துட்டீங்களா? அண்ணாத்த லாரி ஏத்திவுடப் போயிருக்காரு. வர்ற நேரந்தான். உக்காருங்க." உட்காருவதற்கு அவர் காட்டியது வெட்டாத ஒரு நீளக் கருங்கல். ஒரு முனையில் நானும் மறுமுனையில் பானுமதி மேடமும் உட்கார்ந்தோம். நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம்.

"யார பாக்க வந்த?" என்றார் பானுமதி மேடம்.

"நீங்க?"

"நான் மொதல்ல கேட்டேன்."

நான் பேசவில்லை. என் மௌனம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு உதவியது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"இருசப்பன் சார் எங்களுக்கு பஸ்ஸு தர்றாரும்மா. மே மாசமே சொல்ட்டாரு. முப்பத்தொண்ணாந்தேதி பத்து மணிக்கு எங்க ஃபங்ஷனுக்கு சீஃப் கெஸ்ட். பத்திரிகை அடிச்சாச்சு. அதான், நேர்ல குடுக்க வந்தேன்." கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார்.

என் பையிலிருந்த உறையை நானும் எடுத்துக் கல்லின்மேல் வைத்தேன். இரண்டு உறையிலும் மேல் மூலையில் ஒரே சின்னம். கதிர் விரித்த சூரியன், நடுவே மூன்று எழுத்து. சபையின் எல்லா நிறுவனங்களும் போடுகிற சூரியன்.

"இன்னாது இது?" என்றார் மெதுவாக.

"எங்களுக்கும் பஸ். ஏப்ரல்ல சொன்னாரு. எங்க ஃபங்ஷனும் பத்து மணிக்குத்தான்."

பானுமதி மேடம் இரண்டு உறைகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ. இப்பதான் புரியுது. நான் வந்தப்ப, பசங்க ஃபுட்போர்டுல தொங்கிகினு வர்றானுங்க சார்னு ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில அவரு, 'அதான் பஸ்ஸு தர்றன்னு சொல்ட்டன்லம்மா'ன்னாரு. என் பேச்சுல மனசு எளகி சொல்றாருன்னு நெனச்சேன். கார்டு குடுத்தா, 'இது எங்கிட்ட ஏற்கெனவே கீது'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. ஃபங்ஷனுக்குக் கூப்ட்டா, 'தெரியும், தெரியும்'ன்னாரு. எவ்ளோ எளிமையான மனுசன்னு எங்க ஃபாதர்கிட்ட போய் பெருமையா சொன்னேனே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே எழில் நினைவுக்கு வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் ஒரு பஸ்தான் தரப்போகிறார். அது பாலிடெக்னிக்குக்குப் போனால், நான் கொடுத்த வாக்கை நம்பிய பெண் மறுபடியும் குடுவையை ஆறவிட்டு ஓட வேண்டும். தேர்வு எழுத முடியாது. வேறு பாடமும் படிக்க முடியாது.

"நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கறேன்" என்றார் பானுமதி மேடம்.

வழக்கமாக இந்த வாக்கியம் எனக்கு நிம்மதி தரும். அன்று தரவில்லை. அவர் பேசினால் பஸ் அவருக்குத்தான் போகும்.

"மேடம், எங்க பொண்ணு ஒருத்தி..." என்று ஆரம்பித்தேன். எழிலைப் பற்றி முழுவதும் சொன்னேன். உள்ளங்கை எண்ணைப் பற்றியும் சொன்னேன். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. மெஷின் சத்தம் நின்றிருந்தது. சிற்பிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கடைசிப் பகுதி கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

பானுமதி மேடம் உறையால் விசிறிக்கொண்டார். "எங்க பசங்களும் அதே பக்கந்தாம்மா. கொக்கிலமேடு, தேவனேரி. கட்டுமரத்துக்காரன் புள்ளைங்க. எங்களுது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், காலையில சீக்கிரம் ஆரம்பம். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு பஸ்ஸு. ஒருத்தன் போன வருசம் படியில இருந்து வுழுந்து கையை ஒடச்சிகினான்." விசிறுவதை நிறுத்தினார். "உனக்கு வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எங்களுக்கு வேணாம்னும் சொல்ல முடியல."

"எத்தனை மணிக்கு விடுவீங்க மேடம்?"

"யாரை?"

"பசங்கள. முதல் ஷிஃப்ட் எப்ப முடியும்?"

"ஒண்ணரைக்கு."

எங்கள் ஆய்வகம் நாலரைக்கு முடிகிறது. காலையில் எங்கள் வகுப்பு பத்து மணி வாக்கில்தான் தொடங்கும். அவருடைய பாலிடெக்னிக் கொக்கிலமேட்டிலிருந்து எங்களிடம் வருகிற வழியில்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை.

சிற்பிகள் அளவு குறிக்கும் காவிக் கட்டி ஒன்று கல்லின்மேல் கிடந்தது. அதை எடுத்துக் கல்லிலேயே ஒரு கோடு போட்டேன். ஒரு முனையில் கொக்கிலமேடு, நடுவில் பாலிடெக்னிக், மறுமுனையில் செங்கல்பட்டு. காலையில் முதல் நடை உங்கள் பையன்கள். வண்டி காலியாகத் திரும்பும். இரண்டாம் நடை எங்கள் பெண்கள். ஒன்றரைக்கு உங்கள் பையன்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நாலரைக்கு எங்கள் வாசலில் நிற்கும்.

பானுமதி மேடம் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்திலேயே வந்துவிட்டார். காவியைப் பிடுங்கினார்.

"இப்டி வெச்சா டிரைவரு ஒரே மாசத்துல ஓடிப்போயிடுவான். காலையில ஒருத்தன், சாயந்தரம் ஒருத்தன். உங்காளு ஒண்ணு, எங்காளு ஒண்ணு. டீசல் பாதிப் பாதி. சனிக்கிழமை?"

"சனிக்கிழமை எங்களுக்கு லேப் இல்ல மேடம்."

"எங்களுக்கு ஒர்க்‌ஷாப் உண்டு. அப்ப சனிக்கிழமை முழுக்க எங்களுது. மேடம் மேடம்ங்காத. அக்கான்னு கூப்டு. எனக்கு வயசாகல."

"சரிக்கா."

கல் நிறைந்துவிட்டது. அருணகிரி டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்றீங்க? அது நாளைக்கு வெட்ற கல்லு. அம்மன் பீடத்துக்கு வெச்சிருக்கறது."

"அழிஞ்சிடும்ல?"

"அழியும். ஆனா அண்ணாத்த பாத்தா நான் அழிஞ்சிடுவேன்."

அப்போது வாசலில் புல்லட் வந்து நின்றது.

இருசப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரும் சேந்து வந்துட்டீங்களா! ஒண்ணு பேசவே பேசாது, ஒண்ணு நிறுத்தவே நிறுத்தாது. ஃபாதரு நல்லா ஜோடி சேத்து வெச்சிருக்காருன்னு நான் வூட்ல சொல்லுவன்." அப்புறம் அவர் பார்வை கல்லின்மேல் விழுந்தது. "யார்ரா இதுல கிறுக்கனது?"

நான் பானு அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எவ்வளவோ பேசக்கூடியவர், கைப்பையின் பித்தானைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லாமலே அந்த உறையை நீட்டினால் பஸ் அவருடையதாகிவிடலாம். அதைச் செய்ய மனம் வராமல்தான் அவர் வாயடைத்து நின்றார்.

"நாந்தான் சார் கிறுக்கினேன்" என்றேன். "நாங்க ஒரே ஆபீஸ் இல்ல சார். நான் செங்கல்பட்டு. அக்கா பாலிடெக்னிக். நீங்க ஒரு பஸ் சொன்னீங்க. நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா வாங்கிக்கிட்டோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "ஒரே சூரியன்தான போட்டிருக்கீங்க?"

"சூரியன் ஒண்ணுதான் சார். காலேஜு வேற வேற."

"முப்பத்தொண்ணாந்தேதி?"

"ரெண்டு எடத்துலயும் சார். பத்து மணிக்கு."

"ரெண்டாவது வாட்டி கூப்ட்டது ஞாபகப்படுத்தறதுக்குன்னு நெனச்சன்." கல்லின்மேல் கையை ஊன்றினார். குரல் மாறிவிட்டது. "பாலிடெக்னிக் ஊர்லயும் சொல்லியாச்சா, இருசப்பன் பஸ்ஸு தர்றான்னு?"

"பத்திரிகையே அடிச்சாச்சு சார்" என்றார் பானு அக்கா, மிகச் சின்னக் குரலில்.

"அப்ப எனக்கு இன்னா பேரு தெரியுமா? ஒரு செலைய ரெண்டு கோயிலுக்கு வித்தவன். இந்தத் தொழில்ல அதவிடக் கேவலம் ஒண்ணு கெடையாது. பேஜாருமா இது. பேசாம ரெண்டு பேருக்கும் இல்லன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு வேலயப் பாக்கறன்."

தூரத்தில் ஓர் உளி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. காவிக் கட்டியை நீட்டினேன்.

"படிச்சுப் பாருங்க சார். தப்பிருந்தா திருத்துங்க."

அவர் அதை வாங்கவில்லை. ஆனால் குனிந்தார். கொக்கிலமேட்டிலிருந்து விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். செங்கல்பட்டு வரை போய், திரும்பி வந்தார்.

"ஒரே பஸ்ஸா?"

"ஒரே பஸ்ஸு சார். நாலு நடை" என்றார் பானு அக்கா. பேச்சு திரும்பி வந்துவிட்டது. "வண்டி சபை டிரஸ்ட் பேர்ல. அது ரெண்டு காலேஜுக்கும் பொது. டிரைவரு ரெண்டு. டீசல் எங்க தலைவலி. நீங்க ஒரு செலைதான் சார் தர்றீங்க. ரெண்டு ஊரு சேந்து ஒரே கோயிலு கட்டியிருக்கோம்னு நெனச்சுக்கோங்க."

அருணகிரி சத்தமாகச் சிரித்தார். இருசப்பன் அவரை முறைத்தார். முறைத்தபடியே அவருக்கும் உதடு நெளிந்தது.

"இத எப்ப பேசி வெச்சீங்க?"

"இப்பதான் சார். நீங்க லாரி ஏத்தப் போனப்ப."

"இத்தினி நாளு இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

காலையில் சுவரில் ஒட்டிய அட்டைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

அவர் காவியை என் கையிலிருந்து எடுத்தார். தேவனேரி என்று எழுதிய இடத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தார். "இங்க ஒரு ஸ்டாப்பு போடு. எங்க அக்கா பேத்தி ஒருத்தி நிக்கும்." அப்புறம் நிமிர்ந்து, "பஸ்ஸு மேல எந்தக் காலேஜு பேர எழுதுவீங்க?" என்று கேட்டார்.

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பானு அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இதுக்கு முழிக்கிறீங்களா? ரெண்டையும் எழுதுங்கம்மா. பஸ்ஸு பெருசுதான். ஃபங்ஷனு மட்டும் ஒண்ணா வைங்க. என்னால ரெண்டு எடத்துல மால வாங்கிக்கினு நிக்க முடியாது." டீ கொண்டுவரச் சொன்னார். டம்ளர் சுட்டது. கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக் குடித்தேன்.

ஃபாதர்களுக்குச் சொல்வதுதான் மிச்சம். வேப்பமரத்தடியில் நின்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு போன் செய்தோம். நான் சவரிமுத்து ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"பாலிடெக்னிக்ல யாரு டைரக்டர் தெரியுமா?" என்றார். "திருநாவுக்கரசு. குருமடத்துல ரெண்டு வருஷம் அவனும் நானும் ஒரே ரூம். அவன் குறட்டை எனக்கு இன்னும் காதுல கேக்குது. போன வாரம்கூட போன்ல பேசினோம். இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே அவன்!"

"நீங்க சொன்னீங்களா ஃபாதர்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பானு அக்காவின் போனிலிருந்தும் ஒரு பெரிய சிரிப்பு வெளியே கேட்டது.

"அழைப்பிதழ்?" என்று கேட்டேன்.

"வேற அடிச்சுக்கலாம். நீ எதுக்கும் பயந்துடலயே?"

"பயந்தேன் ஃபாதர்."

"சரி. இப்ப போயி கடற்கரைக் கோயிலப் பாரு. மத்தியானம் அதுக்குத்தான் விட்டிருக்காங்க."

உண்மையாகவே போனோம். பானு அக்கா வழியில் ஒரு சங்குமணி மாலையும் வாங்கினார். "ஷாப்பிங்னு சொல்லிட்டேன்ல, பொய்யா ஆவக் கூடாது" என்றார். கடலைப் பார்த்தபடி நின்றபோது, அவருக்குத் தெரிந்த இன்னும் நாலைந்து பெயர்களைக் கேட்காமலே சொன்னார். யாரிடம் எப்போது போகலாம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதுவரை. நான் எனக்குத் தெரிந்த மூன்று பெயர்களைச் சொன்னேன். காற்றில் அவர் முந்தானை பறந்து என் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்ததும் அவர் தியான இல்லத்துச் சுவரிலிருந்த தன் அட்டையைக் கிழித்து எடுத்து, பின்பக்கத்தில் பாலிடெக்னிக்கின் வகுப்பு நேரத்தை எழுதி ஒட்டினார். சாயந்தரம் டீக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன். அது அவர் வேலை.

திருநாள் அன்று இரண்டு ஃபாதர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். இருசப்பன் ஒரே ஒரு மாலை வாங்கிக்கொண்டார். பேச அழைத்தபோது மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பேச வராது. எல்லாம் கல்லுல எழுதிக் குடுத்துட்டாங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். கூட்டத்துக்குப் புரியவில்லை. பானு அக்கா மட்டும் என் தொடையில் கிள்ளினார்.

பஸ் வரச் செப்டம்பர் ஆகிவிட்டது. பெர்மிட் ஓரிடத்தில், பெயின்ட் ஓரிடத்தில் நின்றது. அதுவரை எழில் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். ஆய்வக மேடம் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார். நானே போய்க் கேட்டேன்.

மஞ்சள் வண்டி முதல் தடவை எங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, வேலை ஒன்றும் இல்லாமலே ஆய்வகத்துக்குப் போனேன். எழில் என் பழைய மேசையில்தான் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பஸ் தெரிந்தது. டிரைவர் படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மணி நாலைத் தாண்டியிருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதல் எண் ஏற்கெனவே உள்ளங்கையில் இருந்தது. குடுவையிலிருந்து ஆவி வந்தது. அவள் ஒரு கையால் குழாயைத் திருகி, மறுகையால் குடுவையைச் சுற்றினாள். ஊதாத் துளிகள் விழுந்து விழுந்து மறைந்தன. கடைசியில் ஒரு துளி மறையவில்லை. குடுவை முழுக்க வெளிறிய ரோஸ் நிறம் பரவி அப்படியே நின்றது.

அவள் குனிந்து அளவைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னை நோக்கி உள்ளங்கையை விரித்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் அதே எண்ணை எழுதினாள்.